அரைப்பேர்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் 'பேர்' என்பது ஆளைக் கூப்பிடும் பெயர் மட்டுமில்லை, ஒரு நாள் சம்பளத்துக்கும் அதுவே பெயர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "இந்த மாசம் எத்தன பேரு அக்கா?" என்று கேட்டால், வீட்டில் எத்தனை ஆட்கள் என்று விசாரிப்பதாக வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இருபது என்று பதில் வரலாம், பதினேழரை என்றும் வரலாம். அந்த அரை, கொழுந்து நிறை எட்டாத ஒரு நாளின் கணக்கு. முழு நாளும் மலையில் நின்றவளுக்கு அன்று அரைப்பேர்தான் விழுந்திருக்கும்.

இந்தக் கணக்குத் தொடங்கும் இடம் பிரட்டுக்களம். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் கங்காணியின் வாயில் விழுந்து பிரட்டு ஆயிற்று. விடியுமுன் தப்புச் சத்தம் லயங்களை எழுப்பும். கம்பளியைப் போர்த்தியபடி ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஆளைப் பிரிப்பார்கள். இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் கவ்வாத்துக்கு, நாலு பேர் கான் வெட்ட, ஆறு பேர் ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலைக்கு. எந்த மலையில் கொழுந்து முற்றிக் கிடக்கிறது, இன்று மழை வருமா, ஸ்டோரில் வாட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் மனத்தில் வைத்துச் சில நிமிடங்களில் முடிக்க வேண்டிய தீர்மானம் அது. பிந்தி வந்தவர் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இன்று கொழும்பிலும் கோயம்புத்தூரிலும் உள்ள கணினி நிறுவனங்களில் இதே வேலையை ஒரு கால அட்டவணை பார்க்கிறது. நிறுவனம் சொந்தமாகச் சேர்வர் வாங்குவதில்லை. அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகுள் போன்றவற்றிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறது. மேகக் கணினி என்று சொல்வது இதைத்தான். காலை எட்டுக்குப் பத்துச் சேர்வர் எழும்ப வேண்டும், இரவு எட்டுக்கு மேல் இரண்டு விழித்திருந்தால் போதும், சனி ஞாயிறு ஒன்றும் வேண்டாம் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பிறகு யார் கையும் படாமல் அது நடக்கும். வாரத்துக்கு 168 மணி. அலுவலக நேரத்தில் மட்டும் தேவைப்படும் ஒரு சோதனைச் சேர்வரை, ஐந்து வேலை நாட்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி ஓடவிட்டால் 60 மணிக்குத்தான் வாடகை. செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் பிடிக்கலாம்.

தொழிலில் இருப்பவர்கள் இதைப் புதுக் கண்டுபிடிப்புப் போலச் சொல்வார்கள். மலையகத்துக்கு இது பழைய கதை. வேலை உள்ள மணிக்கு ஆள் வேண்டும், வேலை இல்லாத மணிக்குச் செலவு கூடாது என்ற ஆசை இந்த மலைகளில் ஏறி ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகிறது. அந்த ஆசையின் பின்னால் நடந்து பார்த்தால் ஒன்று புலப்படும். வெற்று மணி காணாமற் போவதில்லை, யாரோ ஒருவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஹட்டனைச் சுற்றி அது உட்கார்ந்த தலைகள் பல.

முதலில் உட்கார்ந்தது இராமநாதபுரத்துச் சீமையின் தலையில்.

தேயிலைக்கு முன் இங்கே காப்பி. 1820-களில் கம்பளை, பேராதனைப் பக்கம் தொடங்கிய தோட்டங்கள் காட்டை எரித்துக்கொண்டே மேலே ஏறி, 1860-களிலும் 70-களிலும் டிக்கோயா, டிம்புளைப் பள்ளத்தாக்குகளை அடைந்தன. காப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் சிவக்கும் சில மாதங்களில் மட்டும் பெருங்கூட்டம் வேண்டும். மற்றக் காலத்தில் களை பிடுங்கவும் கிளை வெட்டவும் கொஞ்சப் பேர் போதும். ஆகவே தோட்டத் துரைமார் கூட்டத்தைப் பருவத்துக்குக் கூப்பிட்டார்கள். இராமநாதபுரம் முதலான தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து வன்னிக் காட்டை ஊடறுத்து மாத்தளை வரை நடை. கங்காணி முன்னே நடந்தான். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் அதே வழியில் திரும்பினார்கள். பலர் சொந்த ஊர் நெல்லறுப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

துரையின் ஏட்டில் இது கச்சிதமான கணக்கு. வேலை இல்லாத மாதங்களில் அந்த ஆளுக்குச் சோறு போட்டது யார்? ஊரில் இருந்த அரைக் காணி நிலமும், வட்டிக்குக் கொடுத்தவனும், மாமன் மச்சான் வீடும். நடைபாதையில் வாந்திபேதியும் காய்ச்சலும் தின்றதையும் எந்தத் தோட்டமும் தன் செலவில் எழுதவில்லை. அந்தப் பாதையில் எத்தனை பேர் மாண்டார்கள் என்ற சர்ச்சை 1840-களிலேயே பத்திரிகைகளில் எழுந்து, வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஓயாமல் இருக்கிறது. எண்ணிக்கை எதுவானாலும், செத்தவர்களின் செலவு கிராமத்துக்கே போனது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. தோட்டம் கூப்பிடாமலே ஊர் ஊராகப் புறப்பட்டு வந்தார்கள். தேவைக்கு ஏற்ப ஆள் என்ற ஏற்பாடு, ஆள் வரும் வழியில் பஞ்சம் நின்றால் என்ன ஆகும் என்பதை அன்றைய அரசாங்கம் பாதையோர மடுவங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கண்டுகொண்டது.

இடையில் இலையில் துரு விழுந்தது. 1869-இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் தென்பட்ட பூஞ்சண நோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் காப்பியைத் தரைமட்டமாக்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884-இல் மூடிற்று. நாவலப்பிட்டியில் 1874 முதல் நின்றிருந்த ரயில், ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து 1885-இல் நானுஓயாவைத் தொட்டது. ரயில் மேலே வந்து சேர்ந்தபோது அதற்கு ஏற்ற காப்பி இல்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலைதான் இப்போது எல்லா மலையிலும்.

தேயிலை வேறு மாதிரியான செடி. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் கொழுந்து முற்றிவிடும், அடுத்த சுற்றும் கெடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் மாசியில் வருகிறேன் என்று சொல்ல இடமில்லை. பருவத்துக்கு வந்து போன ஆண்கள் கூட்டம் போய், குடும்பம் குடும்பமாகக் குடியேற்றும் காலம் வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக எழுந்தன. லைன் என்றதை நம்மவர் லயம் ஆக்கினார்கள். கொழுந்தெடுக்கப் பெண்களின் விரல்கள் வேண்டியிருந்தன. 1911 குடிசன மதிப்பீட்டில் தீவில் இருந்த இந்தியத் தமிழர் ஐந்து லட்சத்துக்கு மேல்.

கணினித் தொழிலில் இதை 'அடிப்படைக் கொள்ளளவு' என்பார்கள். எந்த நேரமும் தேவைப்படும் அளவைக் குறைந்த விலைக்கு நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப் போட்டுவிடுவது. மலையில் அந்த நீண்ட ஒப்பந்தத்துக்குப் பெயர் கடன். கரையிலிருந்து கூட்டி வந்த செலவு முற்பணமாக ஆளின் தலையில் ஏறியது. கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் எவ்வளவு கடனைத் தீர்த்தால் விடுவோம் என்று துரை ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. துண்டில் எழுதிய தொகையைக் கொடுத்து இன்னொரு துரை கூட்டத்தை எடுத்துக்கொள்வார், கடன் அப்படியே கூட வரும். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குச் சில சதம் உண்டு. பிரட்டுக்களத்தில் தலை குறைந்தால் அவன் வருமானமும் குறையும். காய்ச்சல்காரரையும் லயத்திலிருந்து கிளப்பிவிடும் அவசரம் அங்கிருந்துதான் வந்தது. துண்டு முறையைச் சட்டம் 1921-இல் ஒழித்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927-இல் வந்தது.

நிரந்தரமாக ஆளைக் கட்டிப் போட்டாலும் செடி ஒரே சீராகத் துளிர்ப்பதில்லை. ஹட்டன் இருக்கும் மேற்குச் சரிவில் சித்திரை வைகாசி மழைக்குப் பின் கொழுந்து பொங்கும், ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு பொங்கல். தை மாசியில் பனியும் வெயிலுமாக வளர்ச்சி சுருங்கும். விலை உயர்ந்த தூள் அப்போதுதான் கிடைக்கும், ஆனால் நிறை கிடைக்காது. பொங்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலை திறக்கும். அதிகப்படி கிலோவுக்குக் கைக்காசு. சுருங்கும் காலத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்பது துரையின் வாயில் இருந்தது. ஆள் லயத்திலேயே இருக்கிறாள், சம்பளம் மட்டும் இல்லை. வெற்று மணி இராமநாதபுரத்திலிருந்து லயத்து அடுப்படிக்கு மாறிவிட்டது.

1930-களின் உலகப் பொருளாதார மந்தம் இதை ஒரேயடியாகக் காட்டியது. தேயிலை விலை சரிந்ததும் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் கூடி 1933-இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. இன்றைய மொழியில், மூன்று பெரிய வழங்குநர்கள் பேசிவைத்துக் கொள்ளளவைக் குறைத்தார்கள். சட்டப்படியான கூலியும் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் தொடங்கியது 1931-இல், இந்த நெருக்கடியின் நடுவில். பெரிய துரைகளின் கோபத்துக்கு அவர் ஆளானதில் வியப்பில்லை. துரைகள் தமக்குச் சாதகமாக நெளியும் என்று நம்பிய ஏட்டில் அவர் கோடு போடச் சொன்னார்.

அதே கோடு லண்டனில் அதற்கும் முன்பே போடப்பட்டது. தேம்ஸ் துறைமுக வாசலில் ஒவ்வொரு நாளும் கூட்டம் முண்டியடிக்கும். மேஸ்திரி கைகாட்டியவருக்கு மட்டும் வேலை, அதுவும் சில வேளை ஒரு மணி நேரத்துக்கு. 1889 வேலைநிறுத்தத்தில் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேரமாவது வேலை கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வளவாக நினைவில் இல்லை. மணிக்கணக்கில் ஆளெடுக்கும் உரிமைக்கு அது வைத்த முதல் கடிவாளங்களில் ஒன்று. மலையகத்தில் கடிவாளம் மெதுவாகத்தான் விழுந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பேர் என்பதற்கே 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆளை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வருவோம். வெற்று மணியைச் சேமித்து வைக்க முடியும் என்பதை இந்த வட்டாரத்தில் முதலில் காட்டியது அதுதான்.

தோட்டத்து ஸ்டோர்களில் பல, ஓடைத் தண்ணீரில் சொந்தமாகச் சக்கரமோ சிறு டர்பைனோ ஓட்டின. ஆறு ஓடும் அளவுக்குத்தான் அந்த மின்சாரம். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் பெரிதாக யோசித்தார். காலியில் 1874-இல் பிறந்தவர், பொதுவேலைத் திணைக்களத்தில் இருந்தவர். நுவரெலியா நகருக்கு விளக்கேற்ற நானுஓயாப் பாதையில் பிளாக்பூலில் 1912-இல் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைய அவர் காரணமாயிருந்தார். 1918-இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். களனியின் மேல்நீரில், லக்ஸபானப் பக்கம், தீவு முழுவதுக்கும் மின்சாரம் எடுக்கலாம் என்பது அதன் சாரம். 1924-இல் வேலை தொடங்கியது, சில ஆண்டில் பணமில்லை என்று நின்றது. 1950 முடியும் தறுவாயில்தான் நோர்ட்டன் பிரிட்ஜ் அணையின் நீர் லக்ஸபானச் சக்கரங்களைச் சுழற்றியது. அதைப் பார்த்துவிட்டு, 1953-இல் அவர் இறந்தார்.

நோர்ட்டன் குட்டை சிறியது. சில மணி நேரத் தேவையை அங்கே சமாளிக்கலாம், மாதக்கணக்கில் தேக்க இடமில்லை. மேலே கெஹெல்கமு ஓயாவை மறித்து 1960-களின் நடுவில் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது. அதன் நீரில் 50 மெகாவாட் நிலையம், விமலசுரேந்திரவின் பெயரில். மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை அணை அடுத்து வந்தது. அதன்பின் பொல்பிட்டிய, புதிய லக்ஸபான, கனியோன். ஒரே நீர் ஒரு நிலையத்தைச் சுழற்றிவிட்டு அடுத்த குட்டையில் விழும், அங்கிருந்து அடுத்த சுரங்கத்துக்குள் போகும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டனுக்கும் போகும் பஸ் பாதைகள் இந்தப் படிக்கட்டைச் சுற்றித்தான் வளைகின்றன.

இலங்கையில் மின்சாரத் தேவை நீண்ட காலமாக மாலை ஆறரைக்குப் பொங்கி இரவு பத்தரைக்கு அடங்கும் ஒன்று. வீட்டு விளக்குகள் ஒரே நேரத்தில் எரிவதால் வந்த உருவம் அது. அந்த நாலு மணிக்காக மட்டும் நிலக்கரி நிலையத்தை எழுப்ப முடியாது. நுரைச்சோலைக் கொதிகலன் சூடேறவே பல மணி நேரம் எடுக்கும். நீர்ச்சக்கரம் சில நிமிடத்தில் முழுவேகம் பிடித்துவிடும். பகலில் கதவை ஒடுக்கி நீரைத் தேக்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் திறந்துவிடுவதுதான் லக்ஸபானக் கூட்டத்தின் அன்றாட வேலை. பகலின் வெற்று மணி குளத்தில் நீராக நின்று இரவுக்குக் காத்திருக்கிறது. இதைவிட நேர்த்தியாக யாரும் செய்ததில்லை என்றே சொல்லத் தோன்றும்.

இதற்கும் ஒரு விலை இருந்தது. மவுஸ்ஸாக்கலை நீரின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வறட்சியில் மட்டம் இறங்கும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்கள் சேற்றுக்கு மேல் எட்டிப் பார்க்கும், பார்க்க ஆட்கள் திரள்வார்கள். அணைக்கரையில் நின்றால் தெரியும் லயங்கள் பலவற்றுக்கு, கீழே பிறந்த மின்சாரம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின என்பதும் அந்த விலையில் சேரும். கொழும்பின் மாலை நேரத்துக்காகச் சக்கரம் சுழன்றது, அதன் தலைமாட்டில் குப்பிலாம்பு எரிந்தது.

மழை பொய்த்தால் சேமிப்பும் பொய்க்கும். 1996 வறட்சியில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. அப்போது அரசாங்கம் செய்த காரியம் விசித்திரமானது. மின்தேவையை நேரத்துக்கு ஏற்றபடி நகர்த்த முடியாதபோது, நேரத்தையே நகர்த்திவிட்டது. மே மாதத்தில் நாட்டின் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது, ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. மீதி அரை மணி 2006 சித்திரையில்தான் சரியாயிற்று. இந்தப் பத்தாண்டும் வன்னியில் புலிகளின் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன, ஓமந்தையில் எல்லை கடந்தவர் கைக்கடிகாரத்தையும் திருப்பினார். மலையகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் பாதை தேடினார்கள். பிரட்டுக்கு வந்த பெண்ணுக்குக் கடிகாரம் ஆறு என்றது, மலை இன்னும் ஐந்து என்றது.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. ஏ, பி, சி என்று ஊர்களைப் பிரித்து, எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு இருட்டு என்று முதல்நாளே அட்டவணை வரும். நல்ல அட்டவணை ஒரு கூட்டத்துக்கு மிச்சத்தைக் கொடுக்கும், இன்னொரு கூட்டத்துக்கு இருட்டைக் கொடுக்கும். டீசலும் கிடைக்காத அந்த மாதங்களில் ஸ்டோரில் இலையை வாட்டுவது பெரும்பாடாயிற்று.

வாட்டுதலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றடிப்பார்கள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம். பிறகு ரோலர், பிறகு டிரையர். ஆகவே ஸ்டோர் இரவில்தான் விழித்திருக்கும். கைத்தொழில்களுக்கு நாளை மூன்றாகப் பிரித்து மின்சாரத்துக்கு விலை வைக்கிறார்கள்: காலை ஐந்தரை முதல் மாலை ஆறரை வரை ஒன்று, ஆறரை முதல் பத்தரை வரை அதிக விலை, பத்தரைக்கு மேல் விடியும்வரை மிகக் குறைவு. கொழுந்து ஸ்டோருக்கு ஏறும் நேரமும் விலை ஏறும் நேரமும் ஒன்று. விசிறியை நிறுத்தினால் இலை புழுங்கிச் சிவந்துவிடும், நிறுத்தாவிட்டால் கட்டணம் ஏறும். ஆகவே எந்தத் தொட்டிக்கு எப்போது எவ்வளவு காற்று, ரோலரை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதில் டீமேக்கரின் கெட்டித்தனம் இருக்கிறது. மூக்கால் மணந்தும் கையால் பிசைந்தும் பார்த்துத் தீர்மானித்ததை இப்போது பல இடங்களில் நேரமானியும் வெப்பமானியும் சேர்ந்து செய்கின்றன.

கணினிக் கதை இந்த இடத்தில்தான் மலையோடு வந்து சேர்கிறது. அமேசன் 2006 ஓகஸ்டில் சேர்வரை மணிக்குப் பத்து அமெரிக்கச் சதத்துக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. தேவை ஏறினால் தானாகக் கூட்டி, இறங்கினால் குறைக்கும் வசதி 2009-இல் வந்தது. நெருக்கம் வந்த பிறகு விழித்துக்கொள்ளும் முறை அது. நெருக்கம் எப்போது வரும் என்று முன்பே தெரிந்தால் அட்டவணை போடுவதே நல்லது, ஏனென்றால் சேர்வரும் எழுந்து தயாராகச் சில நிமிடம் எடுக்கும். 2019 ஜூலையில் இந்தியா நியூசிலாந்து உலகக் கிண்ணக் கிரிக்கெட் அரையிறுதியை ஹொட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். தோனி ரன் அவுட் ஆன கணத்தில் அந்தக் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. அப்படி ஏறி இறங்கும் கூட்டத்துக்கு, கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஆள் கூப்பிட்டால் ஆகாது என்று முன்கூட்டியே படிப்படியாகச் சேர்வர்களை எழுப்பி வைத்திருந்தார்கள் அதன் பொறியாளர்கள். சித்திரை மழை பெய்யுமுன் ஆள் சேர்த்த பழைய கங்காணிக்கு அது புரிந்திருக்கும்.

அட்டவணையில் சறுக்கும் இடங்களும் பழையவைதான். அதை எழுதுபவர் கொழும்பு நேரத்தில் யோசிப்பார், இயந்திரம் கிறீன்விச் நேரத்தில் எண்ணும். காலை எட்டு என்பதை இரண்டரை என்று எழுத மறந்தால், சேர்வர்கள் பகல் ஒன்றரைக்கு எழுந்து வெறும் கடையில் உட்கார்ந்திருக்கும். கடிகாரத்தை மூன்று முறை நகர்த்திய நாட்டில் பழைய கணக்கு ஏடுகளைத் தோண்டும் நிரலாளருக்கு 1996-க்கும் 2006-க்கும் இடையில் தனி எச்சரிக்கை வேண்டும். விடுமுறையும் அப்படித்தான். தீபாவளிக்கு ஹட்டன் முழுதும் அடைத்துக் கிடக்கும், வேறொரு நாட்டில் எழுதப்பட்ட அட்டவணைக்கு அது வெறும் வேலை நாள்.

நிறுத்தி வைத்த சேர்வர் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. பெரிய கொட்டகையில் அதே இடத்தில் நிற்கிறது, உடையவர் அதை இன்னொருவருக்கு விடுகிறார். ஒரு கண்டத்தின் இரவு இன்னொரு கண்டத்தின் பகல் என்பதால் அது பெரும்பாலும் வீண் போவதில்லை. அப்படியும் மிஞ்சியதை மலிவு விலைக்குக் கொடுப்பார்கள், ஒரு நிபந்தனையோடு: முழு விலை கொடுப்பவர் வந்தால் இரண்டு நிமிட அறிவித்தலில் பிடுங்கிக்கொள்வோம். அங்கே கைவிடப்படுவது இயந்திரம் செய்துகொண்டிருந்த வேலை. பட்டினி கிடக்க யாரும் இல்லை என்பதுதான் பெரிய வித்தியாசம், ஒப்புமையை அதற்கு மேல் இழுப்பது நியாயமில்லை.

2025 சித்திரைப் புத்தாண்டில் மின்சார சபைக்கு நேர்மாறான தலைவலி. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன, கூரைகளில் வெயில் மின்சாரம் கொட்டியது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்காரர்களிடம் சபை கேட்டுக்கொண்டது. நாட்காட்டியைப் பார்த்துக் கொள்ளளவைக் குறைக்கும் வேலை, இம்முறை வீட்டுக்காரர் கையால்.

தோட்டங்களிலும் கணக்கு மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. 1970-களில் அரசு எடுத்த தோட்டங்களின் நிர்வாகம் 1992-இல் தனியார் கம்பனிகளுக்குப் போனது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததும், ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்ற சண்டை கூர்மையாயிற்று. 18 என்றார்கள், 20 என்றார்கள். எட்டாதவளுக்கு அரைப்பேர். அதற்கும் ஒருபடி மேலே, பல கம்பனிகள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துவிட்டுக் கொழுந்தை மட்டும் கிலோவுக்கு விலை போட்டு வாங்கும் முறையைக் கொண்டுவருகின்றன. அங்கே பேர் இல்லை, அரைப்பேரும் இல்லை, பிரட்டும் இல்லை. மழை நாளும் தை மாதமும் குடும்பத்தின் பாடு. நாட்சம்பளம் இல்லையென்றால் ஊழியர் சேமலாப நிதி எதன்மேல் கட்டப்படும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. சில குடும்பங்கள் இதில் முன்பைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கவும் செய்கின்றன, இளவட்டம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட வீடுகளில் செடியைப் பார்க்க ஆள் இல்லை.

மடுவங்களில் சிலவற்றில் இப்போது மின்தராசு. நிறை நேராகக் கணினிக்குப் போகிறது, கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு வேலை குறைவு. கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீர்ப் பாரம், சாக்குப் பாரம் என்று சில கிலோ கழிப்பது மட்டும் பழையபடியே நடக்கிறது.